கோளரங்கத்தின் தொடக்க வரலாறு

கோளரங்கம் என்பது அரைக்கோள வடிவக் கூரையின் உட்புறத்தில் விண்மீன்கள், கோள்கள் ஆகியவற்றின் ஒளியுருக்களை வீழ்த்தி இரவு வானத்தைக் காட்டும் அரங்கு ஆகும். இந்தப் பொருள் சென்ற நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் ‘பிளானட்டேரியம்’ என்றால் பற்சக்கரங்களால் சுழலும் கோள்களின் மாதிரியையே குறித்தது.

அவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று நெதர்லாந்தின் ஃபிரானெக்கர் நகரில் உள்ளது. 1774 மே மாதம் நிலாவும் நான்கு கோள்களும் வானில் நெருங்கித் தோன்றியபோது, அவை மோதி உலகம் அழியும் என்ற அச்சம் அப்பகுதியில் பரவியது. கம்பளி சீவும் தொழில் செய்துவந்த ஐசே ஐசிங்கா, உண்மையை விளக்கத் தம் வீட்டு அறையின் உட்கூரையிலேயே சூரியக் குடும்பத்தை அமைத்தார். 1781இல் முடிந்த அந்த மாதிரி இன்றும் இயங்குகிறது. அதில் சனி ஒரு சுற்றை முடிக்க, வானில் ஆவது போலவே 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

ஆயினும் இது சூரியக் குடும்பத்தை வெளியிலிருந்து பார்க்கும் காட்சி. பூமியில் நின்று காணும் வானத்தைக் காட்ட, பார்வையாளரைக் கோளத்துக்குள் அமர்த்த வேண்டும். சிகாகோவில் 1913இல் வாலஸ் அட்வுட் இப்படி ஒரு உலோகக் கோளத்தை அமைத்தார். விண்மீன்களின் இடங்களில் துளைகள் இருந்தன; அவற்றின் வழியே வெளி வெளிச்சம் உள்ளே புகுந்தது. கோளம் முழுவதும் சுழன்றதால் அதைப் பெரிதாக்குவது கடினம். ஒரு சிலரே உள்ளே அமர முடிந்தது.

மியூனிக்கில் ஜெர்மன் அருங்காட்சியகத்தை நிறுவிய ஒஸ்கார் ஃபொன் மில்லரும் இத்தகைய சுழலும் கோளத்தையே யேனா நகரின் சைஸ் நிறுவனத்திடம் கேட்டார். முதல் உலகப் போரால் வேலை நின்றது. 1919இல் அந்நிறுவனப் பொறியாளர் வால்தர் பௌவர்ஸ்ஃபெல்ட் சிக்கலைத் தலைகீழாக்கினார்: கூரை அசையாமல் நிற்க, நடுவிலுள்ள கருவி சுழன்று ஒளியை வீழ்த்தும். எளிய எண்ணமாகத் தோன்றினாலும், கணக்கிட்டுக் கருவியாக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன. சுமார் 4,500 விண்மீன்களைக் காட்டிய அக்கருவி, ஒரு நாளின் வான நகர்வைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டியது. சோதனைக்காகத் தொழிற்சாலை மாடியில் 16 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் எழுந்தது. இரும்புக் கம்பி வலைமேல் மெல்லிய கான்கிரீட் பூசிய அந்த முறை, பிற்காலக் கட்டடக் கலைக்கும் வழிகாட்டியது.

1923 அக்டோபர் 21 அன்று மியூனிக்கில் முதல் காட்சி நடந்தது. ஒரு ரொட்டியின் விலை கோடிக்கணக்கான மார்க்காக ஏறியிருந்த பணவீக்கக் காலம் அது. இத்தேதியையே பலரும் கோளரங்கத்தின் பிறந்தநாளாகக் குறிப்பிடுவர். ஆனால் அன்று பார்த்தவர்கள் அருங்காட்சியகக் குழுவினர். பொதுமக்கள் திரளாகக் கண்டது 1924இல், யேனா தொழிற்சாலை மாடியில் நடந்த காட்சிகளையே. முதல் பொதுக்காட்சி என்ற பெயர் அவற்றுக்கே பொருந்தும். மியூனிக்கில் நிலையான அரங்கு 1925 மே 7 அன்று திறக்கப்பட்டது.

முதல் கருவி மியூனிக்கின் அட்சரேகைக்கு உரிய வானத்தை மட்டுமே காட்டியது. தென்கோடி விண்மீன்கள் அதில் இல்லை. இக்குறையை நீக்க, இரு முனைகளிலும் விண்மீன் கோளம் கொண்ட இரண்டாம் வகைக் கருவியை வால்தர் வில்லிகர் உருவாக்கினார். அது 1926இல் பார்மென் நகரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் வியன்னா (1927), ரோம் (1928), மாஸ்கோ (1929), சிகாகோ (1930) எனக் கோளரங்குகள் பரவின. பார்மென் அரங்கு இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. 1926இலேயே திறக்கப்பட்ட யேனா கோளரங்கம் இன்றும் காட்சி நடத்துகிறது.