அறுவதற்கு முன்

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில், டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்ற கேள்வியே நம் மெக்கானிக்குகளுக்கு எழுந்ததில்லை. அவ்வண்டிகளில் இருந்தது உலோகச் சங்கிலி. தேய்ந்தால் தளரும், தளர்ந்தால் என்ஜினின் முன்பக்கத்திலிருந்து கலகலவென ஓசை எழும். காதுள்ளவர் அறிந்துகொள்வார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே பல்வைத்த ரப்பர் பட்டை நம் சாலைகளில் பரவலாயிற்று.

அப்பட்டை பிறந்தது காருக்காக அல்ல. 1940களில் அமெரிக்காவில், தையல் இயந்திரத்தின் மேல் அச்சும் கீழ் அச்சும் பிசகாமல் ஒன்றாகச் சுழல வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்டது. 1962இல் பவேரியாவின் டிங்கோல்ஃபிங்கில் இருந்த கிளாஸ் என்ற சிறு நிறுவனம் தன் 1004 காரில் அதைப் பொருத்தியது. விலை குறைவு, ஓசை குறைவு, எண்ணெய் தேவையில்லை. அந்த ஓசையின்மையே பிறகு சிக்கலாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது பட்டை. அது அறுந்தால், பல என்ஜின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, என்ஜினையே பிரித்துப்போடும் வேலையாகிவிடும். பெரும்பாலும் முன்னறிவிப்பு ஏதும் இராது. ஆகவேதான் தயாரிப்பாளர் இரண்டு எண்களைத் தருகிறார்: இத்தனை கிலோமீட்டர், இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அது. இரண்டாவது எண்ணை நம்மவர் மறந்துவிடுகிறார்கள். அணுபுரம் போன்ற குடியிருப்பில் ஒரு கார் கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் மட்டுமே போய்வந்து, பத்தாண்டில் முப்பதாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடாமல் இருக்கலாம். ஆனால் வெயிலும் என்ஜின் சூடும் ரப்பரை முதுமையாக்கிக்கொண்டே இருக்கும். (பட்டையை மாற்றும்போதே டென்ஷனரையும், அதே பட்டை இயக்குவதானால் வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவதே உசிதம், கூலி ஒன்றுதான்.)

அந்த எண்ணும் ஒரு மதிப்பீடுதான். செங்கல்பட்டுக்கு வடக்கே மறைமலைநகரில் 2013 முதல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் தயாரானது. அதன் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் என்ஜினில் பட்டை எண்ணெயிலேயே நனைந்து ஓடியது. உராய்வு குறையும், ஆயுள் கூடும் என்றார்கள். பிரிட்டனில் பத்தாண்டு அல்லது சுமார் 2,40,000 கிலோமீட்டர் என்றே அறிவிக்கப்பட்டது. நடந்தது வேறு. பல வண்டிகளில் பட்டை முன்னதாகவே உதிர்ந்து, துகள்கள் எண்ணெய் வடிகட்டியை அடைத்தன. மறைமலைநகரில் உருவாகி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய எக்கோஸ்போர்ட்டுகளும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் அவற்றையும் ஃபோகஸ் கார்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,40,000 வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. அங்கே குற்றவாளி வால்வை இயக்கும் பட்டையன்று, ஆயில் பம்பை இயக்கும் பட்டையும் அதன் டென்ஷனரும். எண்ணெய் அழுத்தம் போனால் ஓட்டத்திலேயே என்ஜின் நின்றுவிடலாம். பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் அதோடு போகும்.

அதற்குள் மறைமலைநகர் ஆலை மூடப்பட்டிருந்தது. கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளிவந்தது. பழைய கார்ச் சந்தையில் அந்த வண்டி இன்றும் கைமாறுகிறது. வாங்குபவர் முதலில் பார்ப்பது ஓடிய கிலோமீட்டரைத்தான். கேட்க வேண்டியது, உள்ளே எந்த என்ஜின், பட்டை எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதை.