தவிட்டில் பிறந்த ஒரைசனால்

தஞ்சாவூர்ப் பக்கத்து மில்களில் சம்பா அரிசியைத் தீட்டும்போது மாட்டுக்கென்று ஒதுக்கும் தவிட்டில்தான் ஒரைசனால் இருக்கிறது. 1950களில் ஜப்பானியர்கள் தவிட்டெண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். தாவர ஸ்டீரால்களும் அவற்றின் பங்காளிகளும் ஃபெருலிக் அமிலத்தோடு சேர்ந்த கலவை இது. ஸ்டீராய்டுக்குள்ள நான்கு வளையச் சட்டம் இதற்கும் உண்டு.

பச்சைத் தவிட்டை அப்படியே போட்டு வைத்தால் சில மணி நேரத்தில் லைபேஸ் நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும். புழுங்கல் தவிட்டில் அந்த நொதி ஆவியிலேயே செத்துவிடும், எண்ணெயும் கூடுதல். டெல்டா புழுங்கலரிசிச் சீமையாக இருப்பது ஒரைசனாலுக்கு நல்லதாயிற்று.

அடுத்த கண்டம் எண்ணெய் ஆலையில். கச்சா எண்ணெயில் 1 முதல் 2 சதவீதம் இருப்பது, காஸ்டிக் சோடா போட்டுச் சுத்திகரித்தால் பெரும்பகுதி சோப்புக் கழிவோடு போய்விடும். நீராவியால் கொழுப்பு அமிலத்தைப் பிரித்தால் பெரும்பாலும் தங்கும்.

தங்கியது குடலுக்கு வருகிறது. கொழுப்பில் கரைகிற பொருள்தானே, சுலபமாக உள்ளே போய்விடும் என்று தோன்றும். பித்த உப்புகள் இதைக் கொழுப்போடு நுண்துளியாக்கிக் குடல் சுவர்வரை கொண்டுபோவது உண்மைதான். ஆனால் உள்ளே நுழைந்த தாவர ஸ்டீராலைக் குடல் செல்லிலுள்ள ஒரு புரத ஜோடி அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. கொலஸ்ட்ராலில் ஏறக்குறையப் பாதி உடம்பில் சேரும்போது, தாவர ஸ்டீராலில் நூற்றுக்கு ஐந்துகூடச் சேர்வது அரிது. அதற்குள் நுண்துளியில் இடம்பிடித்துக் கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் வெளியே நிறுத்திவிடும். உடம்பில் சேராததுதான் இதன் உபயோகமே.

அதே நான்கு வளையச் சட்டமுள்ள ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனின் கதை வேறு. குடல் அதை ஏற்கும், கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைக்கும். அதோடு 11 கார்பன் கொழுப்புச் சங்கிலியைக் கோத்து, எண்ணெயுள்ள சாப்பாட்டோடு கொடுத்தால், முக்கொம்பில் காவிரியை விட்டுக் கொள்ளிடத்தில் இறங்கும் வெள்ளம்போல, ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமல் நிணநீர் வழியே ரத்தத்தில் சேரும். வெறும் வயிற்றில் விழுங்கினால் அநேகமாக வீண்.

ஒரைசனாலையும் 'இயற்கை ஸ்டீராய்டு' என்று உடற்பயிற்சிக்காரர்களுக்கு விற்றார்கள். 1997இல் வெளியான ஓர் ஆய்வில் பளு தூக்குகிறவர்கள் 9 வாரம், தினம் 500 மில்லிகிராம் எடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வலு கூடவில்லை. மனித உடம்புக்குத் தாவர ஸ்டீராலை டெஸ்டோஸ்டிரோனாக்கத் தெரியவும் தெரியாது. ஜிம்மில் அந்த டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். தவிட்டெண்ணெய் வாங்கினால் ஒரைசனால் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.