ரங்கத்தில் தூங்கும் பொட்டியை எழுப்புவது எப்படி?

கடல் தாண்டி வந்து கணிணி பராமரிப்பில் ஆணி புடுங்கும் நம்ம மாதிரி ஆசாமிகளுக்கு ராத்திரிதான் பகல். ஆபீஸ் காலியானதும் அணைந்து கிடக்கும் பொட்டிகளை எங்கிருந்தோ எழுப்பி, மென்பொருளை ஏற்றி, மறுபடி தூங்க வைக்கணும். இதுக்குப் பேர் 'வேக் ஆன் லேன்'. தினம் புழங்குகிற சமாச்சாரம்தான். ஆனா இது வந்த கதையையும், அந்தமானில் ரங்கத் மாதிரி ஒரு ஊரில் இதன் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு விஷயம் புரியும்.

பழைய பொட்டிகளில் சுவிட்சை அணைத்தால் மின்சாரமே அறுந்து போகும். அதனால் ராத்திரி வேலைக்கு ரெண்டே வழி. ஒவ்வொரு பொட்டிக்கும் ஆள் போகணும், இல்லைனா எல்லாத்தையும் விடிய விடிய ஓடவிடணும்.

1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு இதை மாற்றியது. பொட்டியை அணைத்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை 5 வோல்ட் மட்டும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவில் நெட்வொர்க் அட்டை மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் காதில் என்ன சொல்லி எழுப்புவது? அதே 1995-ல் ஏ.எம்.டி. நிறுவனம் 'மேஜிக் பாக்கெட்' என்ற முறையை வெளியிட்டது. 1996 அக்டோபரில் இன்டெலும் ஐ.பி.எம்.மும் கூட்டணி போட்டு, 1997 ஏப்ரலில் 'வேக் ஆன் லேன்' என்ற பெயரோடு சந்தைக்குக் கொண்டுவந்தன.

மேஜிக்கில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் எல்லா பிட்டும் ஒன்றாக 6 பைட். பிறகு அந்த அட்டையின் 6 பைட் முகவரி, திருப்பித் திருப்பி 16 தடவை. ஆக மொத்தம் 102 பைட். தெருமுனையில் நின்று ஒருத்தர் பேரைப் பதினாறு தடவை கூவுகிற மாதிரிதான் :-) கூவல் தெரு முழுக்கக் கேட்கும், பேருக்கு உரியவர் மட்டும் எழுந்திருப்பார்.

இப்ப ரங்கத்துக்கு வருவோம். நடு அந்தமானில் இருக்கிற ஊர். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அந்தமான் டிரங்க் ரோட்டில் சுமார் 170 கி.மீ. நடுவில் ஜாரவா பழங்குடிக் காப்பகம் இருப்பதால் வண்டிகள் குறித்த நேரத்தில் கூட்டமாகத்தான் போக முடியும். பாராடாங் போக மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகு ஏறணும். ஒரு பொட்டியின் பொத்தானை அமுக்க ஆள் அனுப்புவது என்றால் அன்றைய பொழுது போச்சு.

சரி, ராத்திரி முழுக்க ஓடவிடலாமே? தீவுகளுக்கு நிலப்பகுதி மின்தொடர்போடு இணைப்பு கிடையாது. வடக்கே டிக்லிபூர் பக்கம் கல்பாங்கில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. ஆனால் தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பங்கு கப்பலில் வந்து இறங்கும் டீசலில் இருந்துதான். சும்மா ஓடும் ஒவ்வொரு பொட்டியும் கடல் கடந்து வந்த எண்ணெயைக் குடிக்கிறது.

ஆக, தூங்க வைத்து எழுப்பும் இந்த வித்தை மிகவும் தேவைப்படுவது ரங்கத் மாதிரி ஊரில்தான். ஆனால் அங்கேதான் அது மிகவும் கஷ்டம்.

முதல் கஷ்டம், இணைப்பு. 2020 வரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. 102 பைட்டை வானம் வழியா அனுப்பி எழுப்பிவிடலாம். எழுந்த பொட்டிக்கு வேலை கொடுப்பதுதான் பாடு. 64 கிலோபிட் இணைப்பில் 100 மெகாபைட் மென்பொருள் இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்க. 2020 ஆகஸ்ட் 10-ந்தேதி சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. அது போய்ச் சேரும் இடங்களில் ரங்கத்தும் ஒன்று. அந்தக் கஷ்டம் பெருமளவு தீர்ந்தது.

இரண்டாவது கஷ்டம் கேபிளால் தீராதது. அந்தக் கூவல் தெருவைத் தாண்டாது. பொதுவாக ரூட்டர்கள் அதை மறித்துவிடும். அதனால் அந்த ஆபீசுக்குள்ளேயே முழித்திருக்கும் சின்னப் பொட்டி ஒன்று வேணும். வெளியூர்க்காரன் அதனிடம் சொன்னால், அது உள்ளே நின்று கூவும். இன்டெல் தந்த ஏ.எம்.டி. தொழில்நுட்பம் (மேலே சொன்ன நிறுவனம் வேறு, இது வேறு) ரூட்டரைத் தாண்டியும் கடவுச்சொல் கேட்டு எழுப்பும். ஆனால் அது எல்லாப் பொட்டியிலும் இருக்காது.

மூன்றாவது, மின்வெட்டு. கரண்ட் போனால் அந்த 5 வோல்ட்டும் போச்சு. திரும்பி வந்த பிறகும், ஒருமுறை முழுசாக ஓடி அடங்கும் வரை காது கேட்காத பொட்டிகள் பல. 'மின்சாரம் வந்ததும் தானே எழு' என்று பயாஸில் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். அதைச் செய்ய ஒரு தடவையாவது ஆள் அங்கே போகணும்.

தொலைவிலிருந்து எல்லாம் முடியும் என்று நம்ம தொழிலில் பெருமை பேசுவோம். கடலுக்கடியில் ஓடி வந்த சேதியும் கடைசி நாலு அடியில் உள்ளூர்க்காரர் கையைத்தான் எதிர்பார்க்கிறது. முகவரிகளைக் குறித்து வைத்தவர், பிளக்கைப் பிடுங்காதே என்று சீட்டு ஒட்டியவர், அந்தச் சின்னப் பொட்டியை அணையாமல் காப்பவர். பராமரிப்பு ஒப்பந்தங்களில் இந்த வேலைக்கு ஒரு வரி இருக்கிறதா என்று உங்க ஆபீசில் பாருங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க.