டிரில் மாஸ்டரும் பிசிகல் டைரக்டரும்: ஹாரி குரோ பக் பணிவாழ்வும் கூடைப்பந்தின் கால்கோளும்

இந்தியாவில் கூடைப்பந்து முதன்முதலாக ஆடப்பட்டது 1930இல் என்ற குறிப்பு, பொதுஅறிவுக் கைநூல்களில் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது. அடுத்த வரியிலேயே 1934 டெல்லி தேசியப் போட்டிக்குத் தாவிவிடுவார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், கூடைப்பந்தை உருவாக்கிய நெய்ஸ்மித் நடத்திய முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய டங்கன் பேட்டன், 1894இலேயே இந்த ஆட்டத்துடன் இந்தியா வந்தவர். 1930 என்பது மாகாண அணிகள் முறையாக மோதத் தொடங்கிய காலத்தைக் குறிக்குமானால் பொருந்தலாம். தொடக்கம் என்றால் பொருந்தாது.

இதைவிடப் பெரிய இடறல் ஒன்று உண்டு. புதிதாக வந்த ஆட்டம் நான்கே ஆண்டில் தேசியப் போட்டி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது என்றால், விதி தெரிந்த நடுவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? கோடு போட்டுக் களம் அமைத்தவர்கள் யார்? 1919இல் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியை ஒரு சில மாணவர்களோடு தொடங்கினார். அதுவே நந்தனத்தில் இன்றுள்ள உடற்கல்விக் கல்லூரி. அவர் படித்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். தன் கல்விக்கூடத்தில் பிறந்த ஆட்டத்தைப் பத்தாண்டுகள் மாணவர்களுக்குக் கற்பிக்காமல் அவர் இருந்தார் என்று சொல்பவர்களே அதற்குச் சான்று காட்டவேண்டும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு சென்றவர் அவர். அமைப்பு வேலை அவருக்குப் புதிதல்ல.

என் வாதம் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. பக்குக்கு முன் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் கவாத்து. நடத்தியவர் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். பெயர் டிரில் மாஸ்டர். பக்குக்குப் பின் கல்லூரிகளில் வந்தவரோ 'பிசிகல் டைரக்டர்'. பயிற்றுநர் என்று பொருள்படும் 'கோச்' அல்ல, 'டைரக்டர்'. அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.க்களில் உடற்பயிற்சிப் பொறுப்பாளருக்கு வழங்கிய பதவிப்பெயர் இது. தமிழில் 'உடற்கல்வி இயக்குநர்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தபோதும் அந்தத் தடம் அழியவில்லை. கல்லூரி அணியைத் தேர்ந்தெடுப்பதும், மாலையில் பந்தைக் கையில் கொடுத்துப் பழக்குவதும், போட்டிக்கு அழைத்துப்போவதும் அவர் வேலையே. பக் விதைத்தது ஓர் ஆட்டத்தை மட்டுமல்ல, அதைக் கற்றுக்கொடுப்பதற்கான ஓர் உத்தியோகத்தையும்தான்.

மலபாரின் பாலக்காட்டுப் பக்கம் இந்தப் பதவி எப்போது வந்தது என்பதற்குச் சான்று மெலிவு. ஆயினும் மலபார் 1956 வரை சென்னையோடுதான் இருந்தது. 1888 முதல் கல்லூரியாக நடந்த பாலக்காடு விக்டோரியா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அருகிலுள்ள எலப்புள்ளி என்ற ஊரிலிருந்து பாலக்காட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைக்கு, விளையாட்டுத் திடலில் எதிர்ப்பட்டது சென்னை வார்ப்பில் உருவான பதவியாகவே இருந்திருக்க வேண்டும். எந்த ஆண்டு முதல் என்பதை அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. 1920களின் பிற்பகுதி என்பது என் ஊகம்; 1930கள் என்று ஒருவர் வாதிட்டால் மறுக்கமாட்டேன்.

பக் 1943இல் மறைந்தார். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு உருவானது 1950இல். 1956இல் மாநில எல்லைக்கோடு எலப்புள்ளிக்குக் கிழக்கே விழுந்தது. கோட்டுக்கு இருபுறமுள்ள கல்லூரிகளுக்கும் பொதுவான பல்கலைக்கழக மானியக் குழு விதிகளில் அந்தப் பதவிக்கு இன்றும் 'டைரக்டர்' என்றே பெயர்.