ஒட்டுத்தாளும் ஓவியமும்

ஓவியமென்றால் கித்தானும் எண்ணெய் வண்ணமுமே என்று மேனாட்டார் பன்னெடுங்காலம் கருதி வந்தனர். 1912-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஓவியர் பிக்காசோ அவ்வெல்லையை மீறினார். பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுசீலைத் துண்டொன்றைத் தம் படத்தில் ஒட்டிச் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் நண்பர் பிராக், அவிஞோன் கடையொன்றில் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி, வெட்டியொட்டி, கரியாற் கோடிட்டார்.

இந்தப் பிராக் யார்? வீடுகளுக்கு வண்ணம் பூசுவோர் குடும்பத்தவர். தந்தையும் பாட்டனும் அத்தொழிலினர்; தாமும் அதையே பயின்றவர். ஈர வண்ணத்தில் சீப்பை இழுத்து மரவரியைத் தோற்றுவிக்கும் வித்தையைப் பிக்காசோவுக்குக் கற்பித்தவரும் இவரே. புதுமைக் கலையின் வேரைத் தத்துவ நூல்களில் தேடும் அறிஞர் பலர், இத்தொழிலாளியின் சீப்பை ஏனோ மறந்து விடுகின்றனர்!

முதல் உலகப் போருக்குப்பின், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் சுவிட்டர்ஸ் என்பார் தெருக்குப்பையையே எடுத்தாண்டார். டிராம் சீட்டு, ஆணி, கம்பி, கந்தை யாவும் அவருக்கு வண்ணங்களே. போர் அனைத்தையும் உடைத்துவிட்டது, இனி உடைசல்களைக் கொண்டே புதியது செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வங்கி விளம்பரமொன்றிலிருந்து வெட்டியெடுத்த ‘மெர்ஸ்’ என்னும் பொருளற்ற துண்டே அவர் கலைக்குப் பெயராயிற்று.

1937-இல் நாஜி அரசு ‘சீர்கெட்ட கலை’ என மூனிச்சில் நடத்திய காட்சியில் அவர் படைப்புகளும் ஏளனத்துக்கு வைக்கப்பட்டன. அவரோ அதற்கு முன்பே நார்வேக்குச் சென்றுவிட்டார். 1940-இல் பிரிட்டனை அடைந்தார். அவ்வரசு அவரைப் பகைநாட்டாரெனக் கொண்டு மான் தீவு முகாமில் அடைத்தது. அங்கே கலைப்பொருள் கிடைப்பது அரிது. காலையுணவில் எஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைத் திரட்டி அவர் சிற்பம் செய்தார். அது பூஞ்சணம் பூத்து நின்றது.