போர்க்காலப் பிரிட்டனின் வீட்டுக் காய்கறித் தோட்டங்கள் (1939–1945)

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் அரசு தன் மக்களை வீட்டுப் புறக்கடையிலும், பூங்காவிலும், தரிசு நிலத்திலும் காய்கறி பயிரிடத் தூண்டியது. ‘வெற்றிக்காகத் தோண்டு’ என்ற முழக்கத்தால் இவ்வியக்கம் அறியப்படுகிறது. மண்வெட்டியை மிதிக்கும் காலணிக் காலைக் காட்டும் சுவரொட்டி அதன் அடையாளமாக இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால், அதிகம் செலவில்லாமல் ஒரு சிறு நிலத்தில் ஆண்டு முழுவதும் காய் கிடைக்கச் செய்வது எப்படி என்பதைத் தோட்ட அனுபவமே இல்லாத பல லட்சம் பேருக்குக் கற்றுத் தந்ததே அதன் பெரிய சாதனை எனலாம்.

பின்னணி

போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கப்பல் வழியாக இறக்குமதி செய்துவந்தது. கோதுமை, சர்க்கரை, இறைச்சி, பழம், வெங்காயம் எனப் பலவும் வெளியிலிருந்தே வந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இந்தக் கப்பல்களைத் தாக்கியபோது நாடு கடும் நெருக்கடிக்கு உள்ளானது. அப்போதே நகர மக்கள் சிறு நிலத்துண்டுகளில் பயிரிடத் தொடங்கினர். உள்ளாட்சி மன்றங்கள் குறைந்த வாடகைக்கு விடும் இத்தகைய நிலத்துண்டை ஆங்கிலேயர் ‘அலாட்மென்ட்’ என்பர். 1918-ஆம் ஆண்டளவில் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 லட்சத்தை எட்டியது. அமைதி திரும்பியதும் அது வெகுவாகக் குறைந்தது.

1939 செப்டம்பர் 3 அன்று மீண்டும் போர் மூண்டது. ஒரே மாதத்தில் வேளாண் அமைச்சர் ரெஜினால்ட் டோர்மன் ஸ்மித் வானொலியில் பேசி, மேலும் 5 லட்சம் அலாட்மென்ட்கள் வேண்டும் என்று கேட்டார். 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. பின்னர் பங்கீட்டுப் பட்டியல் நீண்டது. எனினும் காய்கறிகள் போர்க்காலம் முழுவதும் பங்கீட்டுக்குள் வரவில்லை. தோட்டத்தில் விளைந்ததை விரும்பியபடி சாப்பிடலாம் என்பதே மக்கள் மண்வெட்டி எடுப்பதற்கு வலுவான காரணமாயிற்று.

நிலம் கிடைத்த விதம்

முழக்கத்தால் மட்டும் தோட்டம் உருவாவதில்லை. யாரும் பயன்படுத்தாத நிலத்தை எடுத்துப் பயிரிடுவோருக்குப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் 1939-இல் உள்ளாட்சி மன்றங்களுக்கு வழங்கப்பட்டது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், இருப்புப்பாதை ஓரங்கள் ஆகியவை பாத்திகளாயின. இலண்டன் கோபுரக் கோட்டையின் வறண்ட அகழியிலும் காய்கறி விளைந்தது. குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் மனைகளில் கல்லையும் கண்ணாடியையும் அகற்றிவிட்டு மக்கள் பயிரிட்டனர். தோட்டத்தில் பாதியளவு புதைத்து அமைத்த ‘ஆண்டர்சன்’ பதுங்கறைகளின் மேல் பரப்பிய மண்ணையும் பலர் வீணாக்கவில்லை. அதன்மேல் கீரைகளும் பூசணி வகைகளும் வளர்ந்தன.

1939-இல் ஏறத்தாழ 8 லட்சமாக இருந்த அலாட்மென்ட்கள் 1943-இல் ஏறத்தாழ 14 லட்சமாக உயர்ந்தன. வீட்டுத் தோட்டங்கள் இந்தக் கணக்கில் சேராதவை.

வெங்காயம் தந்த பாடம்

இறக்குமதியை நம்பியிருப்பதன் பொருளை மக்களுக்குப் புரியவைத்தது வெங்காயம். பிரிட்டன் தனக்கு வேண்டிய வெங்காயத்தில் பெரும்பகுதியைப் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்தும் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளிலிருந்தும் வாங்கிவந்தது. 1940 கோடையில் இவ்விரண்டும் ஜெர்மானியர் வசமாயின. சில மாதங்களில் கடைகளில் வெங்காயம் காணாமற்போனது. ஒற்றை வெங்காயம் குலுக்கல் பரிசாகவும் பிறந்தநாள் அன்பளிப்பாகவும் தரப்பட்டது. அதுவரை மலிவுச் சரக்காக இருந்த ஒன்றை அடுத்த பருவத்தில் வீட்டுத் தோட்டக்காரர்கள் கவனத்தோடு விதைத்தனர். அறுவடைக்குப் பின் வெயிலில் உலர்த்தி, தாளோடு சேர்த்துச் சடையாகப் பின்னித் தொங்கவிட்டுச் சேமித்தனர்.

கோடையில் மிகுதி, குளிரில் வறுமை

தொடக்கக் காலத்தில் புதியவர்கள் பலரும் செய்த தவறு ஒன்றுண்டு. வசந்த காலத்து உற்சாகத்தில் எல்லா விதைகளையும் ஒரே நாளில் விதைத்துவிடுவார்கள். கோடையில் லெட்டூஸ் கீரையும் பீன்சும் தின்று தீராத அளவு விளையும். பனி விழும் ஜனவரியில் பாத்தி வெறுமையாகக் கிடக்கும். அங்கோ, காய்கறி மிகவும் தேவைப்படுவது குளிர்காலத்தில்தான்.

இதற்கு விடையாக வேளாண் அமைச்சகம் எளிய துண்டறிக்கைகளை வெளியிட்டது. அவற்றில் முதலாவது ஒரு சாகுபடித் திட்டம். 90 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட நிலத்துண்டுக்கு அது வரையப்பட்டது. நம் கணக்கில் சுமார் 6 சென்ட் நிலம். நிலத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் உருளைக்கிழங்கும் கேரட் போன்ற வேர்க்காய்களும், மற்றொன்றில் பட்டாணி, பீன்ஸ், வெங்காயம் முதலியனவும், மூன்றாவதில் முட்டைக்கோசு, களைக்கோசு, பரட்டைக்கீரை முதலிய குளிர்காலப் பயிர்களும் இட வேண்டும். ஆண்டுதோறும் இப்பகுதிகள் இடம் மாற வேண்டும்.

இந்தப் பயிர்ச் சுழற்சியால் ஒரே பயிரைத் தாக்கும் பூச்சியும் நோயும் மண்ணில் நிலைகொள்ளாமல் தடுக்கப்பட்டன. பட்டாணியும் பீன்சும் தம் வேர் முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால், அவற்றின் வேரை மண்ணிலேயே விட்டால் அடுத்துவரும் கோசுப் பயிருக்கு அது உரமாகும். அதாவது, காசு கொடுத்து வாங்கும் உரத்தின் ஒரு பகுதியை இடமாற்றமே ஈடு செய்தது.

சிக்கன முறைகள்

போர்க்காலத்தில் உரம், விதை, பலகை, கம்பி என எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்தது. ஆகவே துண்டறிக்கைகள் சொன்ன வழிகள் பெரும்பாலும் கைச்செலவில்லாதவை.

மக்கு உரம்: குதிரைகள் குறைந்துவந்த நகரங்களில் சாணமும் இலத்தியும் அரிதாயின. அதனால் வாடிய இலை, களைச்செடி, சமையலறைத் தோல் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குவித்து, இடையிடையே மண் தூவி, ஈரம் காத்து மக்கவைக்கக் கற்றுக்கொடுத்தனர். விதை முற்றிய களையும் நோய் கண்ட செடியும் குவியலில் சேரக் கூடாது. அடுப்பில் எரித்த விறகின் சாம்பல் பொட்டாசியச் சத்தைத் தந்தது.

தவணை விதைப்பு: முள்ளங்கி, லெட்டூஸ் போன்றவற்றை ஒரே முறையில் விதைக்காமல், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சிறு வரிசையாக விதைத்தனர். விதையும் மிச்சமானது, காயும் தொடர்ந்து கிடைத்தது.

ஊடுபயிர்: மெதுவாக வளரும் கோசு வரிசைகளுக்கு நடுவே விரைவில் முடியும் முள்ளங்கியையும் கீரையையும் இட்டனர். கோசு விரியும் முன் இவை அறுவடையாகிவிடும். பட்டாணி முடிந்த இடத்தில் லீக் நாற்று நடப்பட்டது.

விதை சேமிப்பு: பட்டாணி, பீன்ஸ் ஆகியவற்றில் நல்ல செடிகள் சிலவற்றைக் காய் பறிக்காமல் முற்றவிட்டு விதை எடுத்தனர். கோசுக் குடும்பச் செடிகள் ஒன்றோடொன்று எளிதில் மகரந்தம் கலப்பதால் அவற்றின் விதையை வீட்டில் எடுப்பது நம்பகமானதன்று.

பாதுகாத்தல்: கேரட், பீட்ரூட் ஆகியவற்றை உலர்ந்த மணலில் அடுக்கிப் பெட்டியில் வைத்தனர். உருளைக்கிழங்கை வைக்கோல் மூடி, அதன்மேல் மண் அணைத்துக் குவித்தனர். பீன்சை உப்புடன் அடுக்கிச் சாடியில் ஊறவைத்தனர்.

இவை எல்லாம் எப்போதும் பலித்தன என்று சொல்வதற்கில்லை. புல்தரையை முதன்முறையாகக் கொத்திப் பயிரிட்ட இடங்களில் கம்பிப்புழு உருளைக்கிழங்கைத் துளைத்து நாசம் செய்தது. குண்டுவீச்சில் இரவெல்லாம் விழித்தவர்கள், பத்து மணிநேரம் தொழிற்சாலையில் நின்றவர்கள் ஆகியோரே மாலையில் பாத்திக்கு வந்து குனிந்தனர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கற்பித்தவர்கள்

பி.பி.சி. வானொலியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பேசிய சி. எச். மிடில்டன் அக்காலத்தின் புகழ்பெற்ற தோட்ட ஆசிரியர். வேலி ஓரத்தில் நின்று பக்கத்து வீட்டாருடன் உரையாடுவது போன்ற அவருடைய பேச்சைப் பல லட்சம் பேர் கேட்டனர். அரச தோட்டக்கலைக் கழகம் 1941-இல் படங்களுடன் ஒரு காய்கறிச் சாகுபடிக் கையேட்டை வெளியிட்டது. 1940 முதல் உணவு அமைச்சராக இருந்த வூல்டன் பிரபு, விளைந்ததைச் சமைப்பதில் கவனம் செலுத்தினார். அவர் பெயரால் வழங்கிய ‘வூல்டன் பை’ இறைச்சியின்றிக் கிழங்கும் வேர்க்காயும் கொண்டு செய்யப்பட்டது. சர்க்கரைப் பங்கீடு ஆளுக்கு வாரம் சுமார் 225 கிராமாகக் குறைந்திருந்த நிலையில், இனிப்புப் பண்டங்களில் கேரட்டைச் சேர்க்கும் பழக்கம் பரவியது.

விளைவும் எல்லையும்

அலாட்மென்ட்களிலும் வீட்டுத் தோட்டங்களிலுமாக ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் காய்கறி விளைந்ததாக மதிப்பிடப்படுகிறது. பங்கீட்டில் கிடைக்காத உயிர்ச்சத்தும் வகை வேறுபாடும் இதனால் கிடைத்தன. காய்கறி ஏற்றிவந்த கப்பல்களின் இடம் வேறு தேவைகளுக்குப் பயன்பட்டது.

ஆனால் பிரிட்டன் மக்களைத் தோட்டம் மட்டும் காப்பாற்றவில்லை. அவர்களுடைய ரொட்டிக்கான கோதுமை உழப்பட்ட பெரு வயல்களிலிருந்தும் அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்களிலிருந்தும் வந்தது. அதை எல்லோருக்கும் கிடைக்கச் செய்தவை விலைக் கட்டுப்பாடும் பங்கீடும். அதே பேரரசின் மறு பகுதியில், 1943-இல் வங்காளத்தில் அரிசி விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனபோது, பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் 20 முதல் 30 லட்சம் பேர் மடிந்தனர் என மதிப்பிடப்படுகிறது. உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லும் பிரச்சாரம் அக்காலத்தில் இந்தியாவிலும் நடந்தது. தானியத்தை நியாயமாகப் பங்கிடும் ஏற்பாடு குலைந்த இடத்தில் பிரச்சாரத்தால் பயன் விளையவில்லை. காய்கறித் தோட்டம் சோற்றுக்குத் துணை நிற்கும், சோற்றுக்கு மாற்றாகாது.

போருக்குப் பின்

1945-க்குப் பிறகும் தட்டுப்பாடு நீடித்தது. போரின்போது தடையின்றிக் கிடைத்த ரொட்டிக்கு 1946-இல் பங்கீடு வந்தது. இறைச்சிக்கான கடைசிப் பங்கீடு 1954 ஜூலையில்தான் நீங்கியது. இதற்கிடையே பூங்காக்கள் பழைய நிலைக்குத் திரும்பின, இடிந்த மனைகளில் வீடுகள் எழுந்தன. 1970 வாக்கில் அலாட்மென்ட்கள் ஏறத்தாழ 5 லட்சமாகச் சுருங்கின.

இன்றைய தோட்டத்துக்கு

அந்நாட்டின் விதைப்பு மாதங்கள் நம் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தா. முறைகள் பொருந்தும். விதை வாங்கும் முன் எந்த மாதத்தில் எந்தக் காய் வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு கைப்பிடி விதையை மூன்று தவணையாக விதையுங்கள். வெண்டை இருந்த இடத்தில் அடுத்த முறை தட்டைப்பயறு போடுங்கள். சமையலறைக் கழிவை ஒரு மூலையில் மக்கவிடுங்கள். முதல் அறுவடையில் நன்றாகக் காய்த்த ஒரு செடியை விதைக்கென்று விட்டுவையுங்கள். அந்தத் துண்டறிக்கைகளின் சாரம் இவ்வளவே. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.