இடம்பெயர்ந்த ரோசாக்கள்

எமது கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் 1990 யூனுடன் ஓர் அத்தியாயத்தை முடித்து, சொந்த மண்ணுக்கு மீண்ட நாளிலிருந்து அடுத்ததைத் தொடங்குவர். இடைப்பட்ட காலம் "இடம்பெயர்ந்து இயங்கியது" என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். அந்த வரிக்குள்தான் நாம் ஆறாம் ஆண்டு முதல் உயர்தரம் வரை படித்தோம். அக்காலத்துக்குச் சாட்சியாக நிற்பவை சில ரோசாச் செடிகள்.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. எமது கல்லூரி வேறொரு பாடசாலையின் பின்வளவில், கிடுகுக் கொட்டில்களில் இயங்கியது. அங்கே ஆசிரியை ஒருவர் கொட்டிலோரமாக ஏழு ரோசாத் தடிகளை ஊன்றினார். ரோசா குளிர்நிலத்தை விரும்புவது. இலங்கையில் அதற்குப் பேர்பெற்றது 1861 இல் தொடங்கிய ஹக்கல பூங்கா. யாழ்ப்பாணச் செம்மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு கலந்த கிணற்றுநீர் அதை வேருக்கு எட்டவிடாது, இலை மஞ்சளாகும். ரோசாவுக்கு வரும் இரத்தசோகை என்று இதைச் சொல்லலாம். மாட்டெருவும் இலைக்குழையும் இட்டு நாம் அவற்றைத் தேற்றினோம்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் திரும்பியபோது கொட்டில்கள் விழுந்து கிடந்தன. மாரிமழையில் காடாய் வளர்ந்த ரோசாக்கள் மட்டும் உயிரோடிருந்தன.

காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு எமது முறையும் வந்தது. "முதிர்ந்த செடி பிழைக்காது, புதுக்கன்று வாங்கலாம்" என்றனர் சிலர். பழைய மாணவிகளாகிய நாம் அவற்றையே கொண்டுபோவதென நின்றோம். வெயில் தணிந்து மாரி தொடங்கும் ஐப்பசிக் கடைசியைத் தெரிந்தோம். முதல்நாள் வேரடி நனைய நீர் விட்டோம். கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். தோண்டும்போது பாதி வேர் அறுந்துபோகும், மிஞ்சும் வேரால் முழுச்செடியையும் தாங்க முடியாது. பெரிய சத்திரசிகிச்சை முடிந்தவருக்கு உடனே விருந்து படைப்பதில்லை. அதுபோலப் பசளையும் இடவில்லை. அடிமண் உதிராமல் அலவாங்கால் கிளப்பி, ஈரச்சாக்கில் சுற்றி, லான்ட்மாஸ்ரரில் ஏற்றினோம். குழிகளை முன்கூட்டியே வெட்டி வைத்திருந்ததால் அன்று மாலைக்குள் நட்டு, கிடுகால் நிழல் கட்டினோம்.

இலைகள் யாவும் கொட்டின. தடியை நகத்தால் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பதே சில வாரங்கள் எமது வேலையாயிற்று. தைப்பொங்கலை அண்டி ஐந்து செடிகள் துளிர்த்தன. இரண்டு பட்டுப்போயின.

இன்று அவை அலுவலக வாசலில் பூக்கின்றன. இங்கு படிக்கும் பிள்ளைகள் அவை எப்போதும் இங்கேயே நின்றவை என நினைக்கின்றனர். அது தவறில்லை, வேர் பிடித்ததற்கு அதுவே அடையாளம். ஆனால் இந்த நூற்றாண்டில் கொட்டிலில் கழிந்த ஆண்டுகளும் அடங்கும். அங்கு படித்தவர்களும் கற்பித்தவர்களும் இக்கல்லூரியின் நடுப்பகுதி. அதை வெட்டிவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டிவைக்க முடியாது.